பழைய தஸ்தாவேஜுகளின் பயன்

குடமுருட்டியாற்றின் பாங்கரிலுள்ள வலங்கைமானில் ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் பாடைக்காவடி எடுக்கும் வழக்கத்தை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். கடும்பிணியினின்றும் பிழைத்தவர் பிணம்போலப் பாடையிற் கிடப்ப, உற்றார் அவரைச் சுமந்து மாரியம்மன் கோயிலை வலம் வருவர்; வலம் முடிந்ததும் அவர் எழுந்து தம் வீடு செல்வர். அவ்வழிபாட்டின் குணாகுணங்களை ஆராய்வது ஈண்டு நம் கருத்தன்று. இறந்ததுபோலக் கட்டிச் சுமக்கப்பட்டது எழுந்து நடக்கின்றதே, அஃதொன்றே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வேண்டுவது.

அவ்வூரிலும், அதனைச் சூழ்ந்த காவிரி நாட்டு ஊர்களிலும், பழைய வீடுகளின் பரண்மேல் வேறு சில கட்டுகள் கிடக்கின்றன. கிரயச்சீட்டு, ஒத்திப் பத்திரம், முச்சலிக்கா, பாகப்பிரிவினை, கோர்ட்டுத் தீர்ப்பின் நகல், கலெக்டர் கச்சேரிக்கு அனுப்பிய அர்ஜியின் பிரதி என இவை பல வகைப்படும். பாட்டனார் காலத்தில் சிவப்புத் துணியிற் சுற்றிக் கட்டியவை அவர் காலத்திற்குப்பின் அவிழ்க்கப்படாமலே கிடக்கின்றன. வீட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்பொழுது காகிதங்கள் பழைய காகிதம் வாங்குவோன் தராசில் ஏறுகின்றன; ஓலைகள் அடுப்பிற்கு இரையாகின்றன. எஞ்சியவற்றைக் கரையான் விடுவதில்லை. "நிலமும் கைமாறிவிட்டது, வழக்கும் தீர்ந்துவிட்டது, இனி இவற்றால் யாது பயன்?" என்று வினவுவோர் பலர். நன்கு கற்றவரும் இங்ஙனம் வினவக் கேட்டிருக்கின்றோம். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கூறும் விடை இது: நீதிமன்றம் விசாரியேம் என்று கைவிட்ட வழக்கைப் பின்வருவோர் விசாரித்தற்கு எஞ்சிநிற்கும் இடம் ஆவணக் காப்பகம் ஒன்றே. ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தஸ்தாவேஜுகளைப் பேணுதல் பழம்பொருள் திரட்டுவாரது பொழுதுபோக்கன்று. அது நியாயத்தைப் பற்றிய கடமை. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தஞ்சை அரண்மனை வாயிலே போதும்.

1799ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி எழுதப்பட்ட உடன்படிக்கையினாலே, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்புவித்தார். கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிலவருவாயின் நிகரத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு எஞ்சின. அவர் மைந்தர் சிவாஜி 1855ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி ஆண் மகவின்றி இறந்தார். அரசுரிமை அற்றது என்று கம்பெனியார் தீர்மானித்தனர். மறு ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கமிஷனர் போர்ப்ஸ் துரை சிப்பாய்களுடன் அரண்மனைக்குட் புகுந்து, அங்குள்ள பொருள்களுக்கு முத்திரையிட்டார். அரசிற்குரிய பொருள் இது, அரசரின் சொந்தப் பொருள் இது என்னும் வேறுபாடு அப்பொழுது நோக்கப்படவில்லை.

மூத்த இராணியாகிய காமாட்சி பாயி சாகிபா வாளாவிருந்தாரல்லர். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். தம் கணவரின் சொந்தச் சொத்து இந்து தருமசாத்திரப்படி தமக்கே உரியது என்பது அவர் வாதம். சென்னை நீதிபதிகள் இராணிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். எதிர்க்கட்சியார் இலண்டனிலுள்ள பிரிவி கௌன்சிலுக்கு அப்பீல் செய்தனர். 1859இல் கிங்ஸ்டவுன் பிரபு கூறிய தீர்ப்பினால் சென்னைத் தீர்ப்பு அழிந்தது. அஃது அழிந்த முறையை நம் மாணவர் ஊன்றி நோக்குக. இராணிக்கு உரிமை இல்லை என்று அவர் கூறினாரல்லர். பொருளைக் கைப்பற்றியது ஓர் அரசாங்கம் தன் அரசதிகாரத்தால் செய்த செயல். அத்தகைய செயல் நியாயமானதா அன்றா என்று வினவும் அதிகாரம் எந்த நீதிமன்றத்திற்கும் இல்லை. இதுவே அத்தீர்ப்பின் சாரம். கதவு சாத்தப்பட்டது, உள்ளே நடந்தது சரியா தவறா என்னும் கேள்வி வாயிலிலேயே நின்றுவிட்டது. 1862இல் அரசாங்கத்தார் சொந்தச் சொத்தை இராணிமார்க்குத் திருப்பித் தந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அஃது அருளாகக் கிடைத்ததேயன்றி உரிமையாகக் கிடைத்ததன்று.

இத்தகைய கதவடைப்பு நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததென்று எண்ணற்க. அதற்கு ஈராண்டு முன்னர், கடலுக்கப்பால் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் ஒரு பெருங்கதவு சாத்தப்பட்டது. டிரெட் ஸ்காட் என்னும் நீக்ரோ அடிமையும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி மிஸௌரி மாகாணத்துச் செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் விடுதலை கோரி மனுச் செய்தனர். அடிமை முறை இல்லாத நாட்டுப் பகுதிகளில் தாம் எஜமானனால் வைத்திருக்கப்பட்டமையால் தமக்கு அடிமைத்தனம் நீங்கிற்று என்பது அவர்கள் வாதம். 1850இல் ஜூரிகள் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறினர். 1852இல் மாகாணத்துத் தலைமை நீதிமன்றம் அதனை மாற்றியது. ஈற்றில் 1857ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் தேதி ஐக்கிய நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி டானி தீர்ப்பளித்தார். அடிமைகளின் வழிவந்தோர் அந்நாட்டின் குடிகளாகார். குடிகளல்லாதார் அக்கோர்ட்டில் வழக்காட உரிமையிலர் என்றார். தஞ்சை இராணிக்குக் கேட்க அதிகாரமில்லை என்ற விடையும், அமெரிக்க அடிமைக்குக் கேட்க உரிமையில்லை என்ற விடையும் ஈராண்டு இடைவெளியில் எழுந்தன. ஒருவர் அரண்மனையில் வாழ்ந்தவர். மற்றவர் தம் உடலுக்கும் உரிமை பெறாதவர். இருவர்க்கும் கதவு ஒன்றே.

டிரெட் ஸ்காட்டுக்கு எழுதத் தெரியாது. அவர் மனுவின் அடியில் கையெழுத்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் குறுக்கிட்ட ஒரு கீறலே உள்ளது. எழுத்தறியாதார் பத்திரத்தில் இடும் அடையாளத்தை நம் முன்னோர் தற்குறி என்றனர். பின்னர் அச்சொல் எழுத்தறியாதானையே குறித்து வசைச்சொல்லாயிற்று. அவ்வசைச்சொல்லின் பொருளை அமெரிக்கர் ஒருவரின் தற்குறி நமக்குத் திருத்திக் காட்டுகின்றது. அக்கீறல் இன்றும் மிஸௌரி ஆவணக் காப்பகத்தாரின் பொறுப்பில் இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்துக் கோர்ட்டின் பழைய கட்டுகளைத் தூசி தட்டிப் பிரித்தபொழுது, 1814 முதல் 1860 வரை அடிமைகள் விடுதலை கோரித் தொடுத்த வழக்குகள் ஏறத்தாழ 300 வெளிப்பட்டன. அவற்றுட் பல எவரும் அறியாதன. காப்பகத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் கூடி அவற்றைச் செப்பஞ்செய்து, படியெடுத்து, எந்நாட்டாரும் கண்டு படிக்குமாறு வெளியிட்டனர். டிரெட் ஸ்காட் 1858இல் இறந்தார். அவருக்கு நீதிமன்றம் கதவடைத்தது. அவர் கீறலைத் தாங்கிய காகிதமோ இன்று கேட்பார் அனைவர்க்கும் சாட்சி கூறுகின்றது.

தஞ்சைக் காகிதங்களின் நிலை யாது? மராட்டிய மன்னரின் அரண்மனைக் கணக்குகளும் நிருபங்களும் மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. மோடி என்பது மராட்டி மொழியை விரைந்தெழுதுதற்குரிய எழுத்து. எழுதுகோலை எடாமல் ஓடவிடுவர்; சொல்லுக்குச் சொல் இடைவெளி விடார்; ஆதலின் மராட்டி நன்கறிந்தாரும் பயிற்சியின்றி அதனைப் படித்தல் அரிது. சரசுவதி மகாலின் இவ்வகைக் கட்டுகள் 1,300க்கு மேற்பட்டனவாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அவற்றுட் சிலவற்றின் தமிழாக்கத்தைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1989இல் தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றைப் புரட்டுவார்க்குச் சத்திரத்திற் சமைத்த அரிசியின் அளவும், வைத்தியர் சம்பளமும், கல்தச்சர் கூலியும் கண்முன் நிற்கும். கம்பெனியாரின் கச்சேரிக் கடிதங்களோ சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தாலன்றி 1856இல் நடந்தது இன்னதென்று முடிவு கூறலாகாது. ஆங்கிலக் கடிதங்களைப் படிப்பார் பலர். மோடி படிப்பாரோ மிகச் சிலர். ஒரு கட்சியாரின் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை நாம் மதியோம். சரித்திரத்தில் மட்டும் அதனைப் பொறுத்துக்கொள்கின்றோம்.

இனி, "இவை அரசர் கதையும் துரைமார் கதையுமேயன்றோ? உழுது விதைத்தவர்க்கு இவற்றில் என்ன உண்டு?" என்று வினவுவாரும் உளர். நியாயமான வினாவே. ஆயினும் கச்சேரிக் கட்டுகளைப் பிரித்தவர் அங்கே ஏழையின் குரலையும் கேட்டிருக்கின்றனர். சென்னை மாகாணத்தில் வரி தண்டுதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்தனர் என்னும் முறையீட்டை விசாரிக்க 1854இல் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1855இல் வெளிவந்தது. கிட்டி பூட்டி விரல்களை நெரித்தனர் என்றும், அண்ணாந்தாள் இட்டுக் கழுத்தையும் காலையும் பிணித்து வெயிலில் நிறுத்தினர் என்றும் குடியானவர் கூறியவை அதில் உள்ளன. கூறினவருட் பெரும்பாலார் தற்குறி இடுவோரே. அவர்கள் பட்ட துன்பத்தை அவர்களே கூறியதாக நமக்குக் காட்ட வேறு புத்தகம் இல்லை.

இதனினும் கசப்பானதொன்றையும் மறைத்தல் தகாது. தஞ்சை ஜில்லாவின் பழங்கட்டுகளில் மனிதரை மனிதர் விற்ற பத்திரங்களும் உண்டு. நிலத்தோடு சேர்த்தும் தனியேயும் அடிமைகள் கைமாறினர். 1819இல் ரெவினியூ போர்டார் அடிமை நிலைபற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டு வாங்கினர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமைமேல் எஜமானன் கொண்டாடும் உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கலாகாது என்று விதித்தது. சட்டம் வந்தது, பண்ணையாள் முறையோ வேறு பெயர் தாங்கி நெடுங்காலம் நின்றது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றவேண்டியிருந்ததே அதற்குப் போதிய சான்று. தம் வீட்டுப் பெட்டியில் இத்தகைய பத்திரம் அகப்பட்டால், குடும்பத்திற்கு இழுக்கு வரும் என்றஞ்சி எரித்துவிட எண்ணுவோர் இருக்கலாம். அவர்களை நாம் வேண்டுவது ஒன்று. அப்பத்திரம் விற்றவர்க்கு இழுக்கு. விற்கப்பட்டவர்க்கோ அவர் பேர் எழுதப்பட்ட ஒரே காகிதம். அதனை எரிப்பவர் அவரை மறுமுறையும் இல்லாமற் செய்கின்றனர். அமெரிக்கர் தம் நாட்டிற்குப் பெரும் பழியான அடிமை வழக்குகளை மறைத்தாரல்லர், வெளியிட்டனர். அவ்வாண்மை நமக்கும் வேண்டும்.

"சென்றதை எண்ணி என்ன பயன்? இன்றைய சோற்றிற்கு வழி சொல்லுக" என்பார்க்கும் ஒரு விடை உண்டு. வலங்கைமானைச் சூழ்ந்த வயல்களுக்குப் பாயும் நீர் காவிரி நீர். அந்நீரைப்பற்றிய வழக்கில் முதற் பத்திரமாக எண்ணப்படுவது 1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி சென்னை அரசாங்கத்தார்க்கும் மைசூர் அரசாங்கத்தார்க்கும் ஏற்பட்ட உடன்படிக்கை. மேல்நாட்டில் புதிய நீர்ப்பாசன வேலைகளைச் சென்னையின் இசைவின்றித் தொடங்கலாகாது என்பது அதன் கருத்து. அதன்பின் 1924ஆம் ஆண்டின் உடன்படிக்கை வந்தது. நடுவர் மன்றத்தாரும், 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி தீர்ப்பளித்த இந்தியச் சுப்ரீம் கோர்ட்டாரும் அவ்விரு பத்திரங்களையும் சொல் சொல்லாகப் படித்தனர். அவை செல்லத்தக்கனவே என்றும், ஆயினும் 1924ஆம் ஆண்டினது ஐம்பதாண்டு கழிந்து 1974இல் காலாவதியாயிற்று என்றும் கூறி, மேல்நாட்டினின்றும் தமிழ்நாட்டிற்கு விடவேண்டிய நீர் ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்தனர். நடுவர் மன்றம் முன்னர்க் கூறியது 192. பழைய பத்திரம் எப்பொழுதும் நம் பக்கமே பேசும் என்று எதிர்பார்த்தலாகாது என்பதும் இதனால் விளங்கும். ஆயினும் பத்திரமே இல்லாதவன் வாய்திறக்கவும் வழியில்லை. சம்பா நாற்று நீரின்றி வாடும் ஆண்டில், நூறாண்டுக்கு முற்பட்ட காகிதத்தால் யாது பயன் என்று இந்நாட்டு விவசாயியிடம் வினவுவார் எவர்?

காத்தல் வேறு, பூட்டிவைத்தல் வேறு என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஆபிரகாம் லிங்கனின் கடிதங்களை அவர் மைந்தர் வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகத்திற்கு அளித்தார். தாம் இறந்து இருபத்தோராண்டு கழிந்த பின்னரே அவற்றைத் திறக்கலாம் என்று அவர் விதித்தமையால், 1947இல் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. நாள் குறித்துப் பூட்டுதல் பொறுக்கத்தக்கது. நாள் குறியாது பூட்டிவைத்தல் கரையானுக்கு ஒப்புவித்ததேயாகும். அவ்விடத்தே கற்கவேண்டிய பாடம் மற்றொன்றும் உண்டு. 1863ஆம் ஆண்டு அடிமை விடுதலைப் பிரகடனத்தின் இறுதிப் படியை லிங்கன் தம் கையாலேயே எழுதினார். அக்கையெழுத்துப் பிரதி 1871இல் சிக்காகோ நகரைச் சுட்ட பெருந்தீயில் எரிந்து போயிற்று. அதற்கு முன்னரே அதனைக் கல்லச்சில் படியெடுத்திருந்தமையால், எழுதிய கையின் சாயலேனும் எஞ்சிற்று. ஒரு படி எடுத்துவைப்பவன் நெருப்பையும் வெல்கின்றான்.

நம் மிஷன் கல்லூரிக்கு இதில் தனிப்பட்ட பங்கு உண்டு. சரபோஜியை இளமையிற் காத்துக் கல்வி பெறச் செய்தவர் சுவார்ட்ஸ் ஐயர். தரங்கம்பாடி மிஷனரிமார் எழுதியனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் இன்றும் காக்கப்படுகின்றன. தமிழ் ஓலைகளும் அவற்றோடு உள்ளன. அந்நாட்டார் காத்தனர், நம் பங்கை நாம் செய்தோமா? நம் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், கிராமப் பள்ளிகளின் வருகைப் புத்தகங்களும் எந்த அலமாரியில் உள்ளன என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் வினவிப் பார்ப்பாராக.

செய்யவேண்டியன யாவை? முதலாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் வீட்டுப் பரணை ஒருமுறை பார்க்க. அகப்பட்டதை எரிக்கவும் வேண்டா, எடைக்குப் போடவும் வேண்டா. கிழிந்ததைப் பசை நாடாவால் ஒட்டுதல் கேடு தரும். ஓலையாயின் சருகு போன்றதை வளைத்துப் பிரித்தலாகாது. ஈரம் படாத இடத்தில் தூய பருத்தித் துணியிற் கட்டிவைத்து, கையிலுள்ள கைப்பேசியாலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஊர், ஆண்டு, எழுதினவர் பெயர் இவற்றைக் குறித்துவைத்தல் எவர்க்கும் இயலும். இரண்டாவது, நம் சரித்திர வகுப்பினின்றும் ஆண்டுக்கு இருவரேனும் மோடி எழுத்தைக் கற்க முன்வருதல் வேண்டும். மேனாட்டு மொழிகளை ஆறு திங்களிற் கற்கும் நம் மாணவர்க்கு இஃது அரிதன்று. மூன்றாவது, பத்திரங்களை விட்டுப் பிரிய மனமில்லாதார் மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு படியை மட்டும் கல்லூரி நூலகத்திற்குத் தரலாம். அதற்கென ஓர் அலமாரியும், ஒரு பதிவேடும், பொறுப்புள்ள ஆசிரியர் ஒருவரும் போதும். பழைய மாணவர்களுள் வக்கீல்களாயிருப்போர் பலர். அவர்தம் அலுவலகங்களில் தீர்ந்த வழக்குகளின் கட்டுகள் எத்துணை! கட்சிக்காரரின் இசைவு பெற்று அவற்றிற் பழையனவற்றையேனும் காத்தளிப்பராயின், அது நம் கல்லூரிக்குப் பெருங்கொடையாகும்.

வலங்கைமானிற் பிறந்தவருள் உலகறிந்தவர் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். அவர் பிறந்தது 1869இல். அஃதாவது தஞ்சை இராணியின் வழக்கு முடிந்து பத்தாண்டு கழிந்தபின். ஏழைப் புரோகிதர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்து, பள்ளி ஆசிரியராயிருந்து, பின்னர்த் தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் இந்தியரின் உரிமைக்காக வாதாடினார். அவர் கடிதங்களை ஜகதீசனார் தேடித் தொகுத்து 1944இல் அச்சிட்டார். அவற்றைப் பெற்றவர்கள் எறியாமல் வைத்திருந்தமையாலன்றோ அவருள்ளம் இன்று நமக்குத் தெரிகின்றது? அவ்வூரிலேயே அவர் காலத்தவராய்ப் பேரில்லாது வாழ்ந்தவர் எத்தனையோ பேர். குத்தகை கொடுக்க இயலாமல் எழுதிக்கொடுத்த கடன்சீட்டும், வாய்க்கால் தகராற்றில் எழுதிய அர்ஜியும், அவற்றின் அடியில் இட்ட தற்குறியுமே அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற கடிதங்கள்.

கட்டு அவிழாதவரை அவை பிணமே. அவிழ்த்துப் படிப்பவன் ஒருவன் வருவானாயின் அவை எழுந்து பேசும். அங்ஙனம் வருபவன் நம் கல்லூரி மாணவனாக இருக்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.